கட்டளையும் சிந்தனையும்

படை என்ற சொல்லையும் சிந்தனை என்ற சொல்லையும் ஒரே தொடரில் வைத்து எழுதுவது பலருக்கு வியப்பாகத் தோன்றலாம். படைக்கு உரியது கட்டளை; சிந்தனைக்கு உரியது ஐயம். ஒன்று மேலிருந்து கீழே வருவது. மற்றையது எவரிடத்தில் தோன்றும் என்று முன்கூட்டி அறிய முடியாதது. கால்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுவதற்கென்றே பயிற்றப்பட்ட ஒரு கூட்டத்தினுள், தனியொருவனின் மனத்தில் 'இது சரிதானா?' என்ற வினா எழுவதை எந்தத் தளபதிதான் விரும்புவான்? எனினும், அவ்வினா வாய்விட்டுக் கேட்கப்படாமையால், பகைவர் எவருமில்லாத அமைதியான கடலிலே தன்னைத் தானே அழித்துக்கொண்ட படையும் வரலாற்றில் உண்டு. அந்த நிகழ்ச்சியையும், அதனைப் படித்தபோது என்னைப் பற்றி நான் அறிந்துகொண்ட ஒரு செய்தியையும் இக்கட்டுரையில் எழுத முற்படுகின்றேன்.

சென்ற ஆண்டு வரலாற்றுச் சிறப்புக் கற்கைநெறி மாணவர்களாகிய எமக்கு ஓர் ஒப்படை தரப்பட்டது. படைத்துறை நிறுவனங்களில் ஆக்கச் சிந்தனையை வளர்ப்பது எங்ஙனம் என்பதை ஏதேனுமொரு வரலாற்று நிகழ்வைக்கொண்டு ஆராய வேண்டும் என்பது தலைப்பு. வகுப்பிலே பலர் நெப்போலியனைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். 1806இல் ஜெனாவில் தோற்ற பிரசியப் படை தன்னைத் திருத்திக்கொண்ட வரலாற்றை இருவர் எடுத்துக்கொண்டனர். நான் ஒரு கிழமை வரை எதனையும் எடுக்கவில்லை. படை என்ற சொல் எங்கள் வீட்டிலே தாழ்ந்த குரலில் மட்டும் உச்சரிக்கப்பட்ட சொல். 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது எனக்கு ஆறு வயது. நினைவில் நிற்பவை சிலவே. அவற்றை ஒப்படைக்குரிய பொருளாக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டின் நினைவுகளோடு வந்திருப்பவர்கள் என்பதும் காரணம். ஆகவே எவருடைய வீட்டையும் தொடாத ஒரு தொலைதூரக் கடலைத் தேடி நூலகத்துக்குச் சென்றேன். அங்கேதான் அட்மிரல் ட்ரையனைச் சந்தித்தேன்.

சேர் ஜோர்ஜ் ட்ரையன் பிரித்தானியாவின் மத்தியதரைக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். அக்காலத்திலே அக்கடற்படை உலகில் நிகரற்றது. ஆனால் நீண்ட காலமாகப் பெரும் போரைக் கண்டிராதது. போர் இல்லாத நீண்ட காலத்தில் ஒரு படை என்ன செய்யும்? ஒழுங்கைப் பேணும், பித்தளையைத் துலக்கும், அணிவகுப்பின் அழகில் மகிழும். கப்பல்கள் ஒவ்வொரு திருப்பத்தையும் கொடிச் சமிக்ஞைகளின்படியே செய்தன. அச்சமிக்ஞைகளின் தொகுதி தடித்ததொரு நூலாக வளர்ந்துவிட்டிருந்தது. ட்ரையனுக்கு இது பிடிக்கவில்லை. உண்மைப் போரிலே புகை சூழ்ந்துகொள்ளும். கொடிக்கம்பம் முறிந்து விழும். சமிக்ஞை அதிகாரி முதலிலே இறப்பான். அப்போது நூலைப் புரட்டிக்கொண்டு நிற்கும் தலைவர்களால் என்ன பயன் என்று அவர் கேட்டார். ஆதலால் மிகக் குறைந்த சமிக்ஞைகளோடு, தலைமைக் கப்பலின் அசைவைப் பார்த்தே மற்றைய கப்பல்களின் தலைவர்கள் தாமாகச் சிந்தித்து இயங்கும் முறையொன்றை அவர் வகுத்தார். அதனைத் தொடக்கிவைக்கும் கொடிகளின் எழுத்துகளைக்கொண்டு 'ரீ. ஏ.' முறை என்று அது வழங்கப்பட்டது. தம் கீழுள்ளோருக்குப் புதிர்போன்ற திருப்பங்களைக் கொடுத்து, அவர்கள் தாமாகவே விடை காணுமாறு விடுவதும் அவர் வழக்கம்.

இன்னொன்றும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. கட்டளையொன்றை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினால் நட்புக் கப்பலோடு மோத நேருமாயின், மோதலைத் தவிர்ப்பதே முதற்கடமை. கட்டளையின் நோக்கத்தை வேறு வழியால் நிறைவேற்ற முயலலாம் என்ற கருத்துப்பட அவர் தம் அதிகாரிகளுக்கு எழுத்திலேயே அறிவுறுத்தியிருந்தார். படையிலே சிந்தனையை வளர்க்க விரும்பும் தலைவன் ஒருவன் இதற்கு மேலும் என்ன செய்ய இயலும்? முறையை வகுத்தார், பயிற்சி கொடுத்தார், மீறுவதற்குரிய அனுமதியையும் எழுத்திலே வைத்தார். ஒப்படைக்கு உகந்த நாயகர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்து அன்றிரவே முன்னுரையை எழுதி முடித்தேன். அடுத்த நாள் அவருடைய முடிவைப் படித்தபோது அம்முன்னுரையைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

1893 யூன் 22ஆம் நாள். பேரூற்றிலிருந்து லெபனானின் திரிப்போலியை நோக்கிக் கடற்படை சென்றுகொண்டிருந்தது. கடல் அமைதியாக இருந்தது, பார்வைக்குத் தடையேதுமில்லை. கப்பல்கள் இரு நிரல்களாகச் சமாந்தரமாகச் சென்றன. ஒரு நிரலின் முன்னே ட்ரையனின் கொடிக்கப்பலான 'விக்ரோறியா'. மற்றதன் முன்னே துணைத்தளபதி மார்க்கத்தின் 'கம்பர்டவுண்'. இரு நிரல்களும் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகத் திரும்பி, வந்த திசைக்கு எதிர்த்திசையிலே செல்ல வேண்டும் என்பது ட்ரையனின் எண்ணம். நிரல்களுக்கிடையே அவர் வகுத்த இடைவெளி ஆறு கேபிள், அதாவது 1200 யார். ஒவ்வொரு கப்பலும் திரும்புவதற்கு வேண்டிய வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 800 யார். இரு கப்பல்கள் எதிரெதிரே உட்புறமாகத் திரும்பினால் 1600 யார் வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணிதம்.

அக்கணிதத்தை நானும் செய்து பார்த்தேன். விடுதியில் புவியியல் பயிலும் அறைத்தோழியின் வரைபுத்தாளையும் கவராயத்தையும் இரவல் வாங்கி, இரண்டு போத்தல் மூடிகளைக் கப்பல்களாகக்கொண்டு மேசையிலே ஓட்டினேன். எத்தனை முறை ஓட்டினாலும் மூடிகள் மோதின. "இதற்கு ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறாய்? ஒருமுறை கீறிப் பார்த்தாலே விளங்குமே" என்றாள் தோழி. அவள் கூறியது உண்மை. எவருக்கும் விளங்கும். அன்று அந்தக் கப்பல்களில் நின்ற அதிகாரிகளுக்கும் விளங்கியிருந்தது; கதையின் துயரம் முழுவதும் இங்கேதான் இருக்கின்றது.

ட்ரையன் தம் எண்ணத்தை வெளியிட்டவுடனேயே, எட்டு கேபிளாவது வேண்டும் என்று கப்பலோட்டும் அதிகாரி கூறினார். அவரும் அதற்கு இணங்கினார். ஆனால் சமிக்ஞை ஏற்றப்பட்டபோது அது ஆறு கேபிளாகவே இருந்தது. இடைவெளியைப் பற்றி மீண்டும் நினைவூட்டப்பட்டபோதும் ஆறே இருக்கட்டும் என்றார். அதன்பின் எவரும் பேசவில்லை. அவர் ஏன் ஆறு என்றார்? வட்டத்தின் விட்டத்தையும் ஆரத்தையும் மயங்கினாரா, வேறேதேனும் திட்டம் மனத்திலிருந்ததா என்பதை இன்றுவரை ஆய்வாளர் விவாதிக்கின்றனர். விடையை அவர் தம்மோடு கொண்டுபோய்விட்டார்.

எனக்கு ட்ரையனைவிட மார்க்கமே நீண்டநேரம் மனத்தில் நின்றார். அல்பேட் ஹேஸ்ரிங்ஸ் மார்க்கம் கோழையல்லர், கற்பனையற்றவருமல்லர். 1876இல் வட துருவத்தை நோக்கிப் பனிச்சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு அதுவரை எவரும் சென்றிராத வட அகலக்கோட்டை அடைந்தவர். இளம் அதிகாரியாக இருந்த காலத்தில், 1869இல், அவர் வரைந்த கொடியே இன்று நியூசிலாந்தின் தேசியக் கொடி. அத்தகைய ஒருவர் அன்று கம்பர்டவுணின் மேற்தளத்திலே நின்று சமிக்ஞையைப் பார்த்தார். இது இயலாதது என்று உடனே உணர்ந்தார். விளங்கிற்று என்பதற்கு அறிகுறியாக விடைக்கொடியை உச்சிக்கு ஏற்றவேண்டும். அவர் பாதியிலே நிறுத்திவைத்தார். தம் ஐயத்தைக் கைக்கொடி மூலம் தெரிவிக்கவும் எண்ணினார். அவ்வேளையில் ட்ரையனிடமிருந்து வினவல் வந்தது: எதற்காகக் காத்திருக்கிறீர்?

அவ்வினவல் கடற்படை முழுவதும் பார்க்கக்கூடியதாக விடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. மார்க்கம் கொடியை உச்சிக்கு ஏற்றினார். பின்னர் அவர் கூறிய விளக்கம் கவனிக்கத்தக்கது. விக்ரோறியா அகன்ற வட்டத்திலே தம்மைச் சுற்றி வெளிப்புறமாகச் செல்லும் என்று எண்ணிக்கொண்டதாக அவர் சாட்சியமளித்தார். அவருடைய அறிவு வேலை செய்யாமலில்லை. மிக நுட்பமாகவே வேலை செய்தது. ஆனால் கட்டளை பிழை என்பதைக் கூறுவதற்கல்ல, அது எவ்வாறு சரியாக இருக்கக்கூடும் என்பதைக் கண்டுபிடிப்பதற்கே அது பயன்பட்டது. ட்ரையன் பெரும் மேதை என்பது எல்லோரும் அறிந்தது. புதிர் போடுபவர் என்பதும் அறிந்தது. ஆகவே இதற்கும் அவரிடம் ஒரு விடை இருக்கும் என்று நம்புவது எளிதாயிற்று. அறிவற்ற தலைவனின் பிழையைச் சுட்டுவதைவிட அறிவாற்றல் மிக்க தலைவனின் பிழையைச் சுட்டுவது கடினம் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டு கப்பல்களும் திரும்பின. விக்ரோறியாவின் தலைவர் கப்ரன் போர்க், இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்க அனுமதி தருமாறு மீண்டும் மீண்டும் கேட்டார். அனுமதி கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. தம் கப்பலைக் காப்பதற்கு ஒரு கப்ரன் அனுமதி கேட்டு நின்றார் என்பதைப் படித்தபோது நூலை மூடிவிட்டுச் சிறிதுநேரம் வெளியே சென்று வந்தேன். கம்பர்டவுணின் இடிமுனை விக்ரோறியாவின் வலப்புறத்தைத் துளைத்தது. ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடங்களில் கப்பல் தலைகீழாகக் கவிழ்ந்து மூழ்கிற்று. 358 பேர் இறந்தனர். ட்ரையனும் அவர்களுள் ஒருவர். முழுப் பிழையும் தம்முடையதே என்று அவர் இறுதியில் கூறியதாக உயிர்தப்பியோர் சாட்சியம் கூறினர். 2004இல் அக்கப்பல் கண்டுபிடிக்கப்பட்டபோது, முன்பகுதி சேற்றிலே புதைய, பின்பகுதி மேலே நிமிர்ந்து, கடலடியில் அது செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

மோல்ராவிலே இராணுவ நீதிமன்றம் கூடிற்று. பிழை ட்ரையனுடையது என்பதில் அதற்கு ஐயமிருக்கவில்லை. மார்க்கத்தைப் பற்றி அது கூறியதே ஒப்படைக்கு எனக்கு வேண்டியதாயிருந்தது. தம் ஐயத்தை அவர் முதலிலே எண்ணியவாறு தெரிவிக்காமற்போனது வருந்தத்தக்கது. ஆனால் நேரிலே நின்ற தலைமைத் தளபதியின் கட்டளையை நிறைவேற்றியமைக்காக அவரைக் குறைகூறுவது கடற்படையின் நலனுக்கே பெருங்கேடாகும் என்பது தீர்ப்பின் சாரம். சிந்தித்துச் செயலாற்றுமாறு ட்ரையன் விடுத்த அறிவுறுத்தல் ஒருபுறமிருக்க, சிந்திக்காமலிருந்தால் தண்டனையில்லை என்ற செய்தி ஒவ்வொரு கப்பலுக்கும் போய்ச் சேர்ந்தது. ட்ரையனின் முறையும் அவரோடு மூழ்கிற்று. அவர் தவறான கட்டளை கொடுத்தமையால் அவருடைய கொள்கையும் தவறென்று பலர் முடிவு செய்தனர். அவர் இறந்த அந்தத் திருப்பமோ ரீ. ஏ. முறையிலன்றி, அவர் வெறுத்த பழைய கொடிச் சமிக்ஞை முறையிலேயே செய்யப்பட்டது.

இவ்விடத்திலே என் கதையைக் கூறவேண்டும். முதலாம் ஆண்டிலே இலங்கை வரலாற்றை எமக்குக் கற்பித்த விரிவுரையாளர் மிக நல்லவர். ஒவ்வொரு வகுப்பையும் 'கேள்வி உண்டா? கேளுங்கள், கேட்காமல் எழுதுவது எழுத்தல்ல' என்று சொல்லியே தொடங்குவார். ஒரு செவ்வாய்க்கிழமை, கோல்புறூக்-கமறன் சீர்திருத்தங்களைப் பற்றிக் குறிப்புக் கூறிக்கொண்டு வந்தவர், அவை நடைமுறைக்கு வந்த ஆண்டு 1838 என்றார். 1833 என்பது உயர்தர வகுப்பில் வரலாறு படித்த எவரும் அறிந்தது. என் பேனை ஒரு கணம் நின்றது. அருகிலிருந்தவளைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். முன்வரிசையில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தனர். நானும் 1838 என்று எழுதினேன். சேர் அறியாததா? புதிய ஆய்வொன்று வந்திருக்கும். அல்லது சட்டவாக்கம் ஓர் ஆண்டிலும் நடைமுறை வேறோர் ஆண்டிலும் இருந்திருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் கூறிக்கொண்டேன். மார்க்கத்தைப் போல நானும் அகன்ற வட்டமொன்றைக் கற்பனை செய்துகொண்டேன். அத்தோடு நின்றிருந்தால் மன்னிக்கலாம். தேர்விலே அவ்வினா வந்தபோது, சரியான ஆண்டு இதுவென்று நன்கறிந்தும், திருத்துபவர் அவரே என்பதால் 1838 என்றே எழுதினேன்.

ஓராண்டாக மறந்திருந்த அந்தச் செய்தி, விக்ரோறியாவின் கதையைப் படித்த இரவில் திரும்பி வந்தது. நான் இழந்தது ஓர் ஆண்டின் ஐந்து எண்ணிக்கை மட்டுமே. கப்பல் எதுவும் மூழ்கவில்லை. இருந்தும் அந்த இரு நிகழ்ச்சிகளும் ஒரே அச்சில் வார்த்தவை என்ற எண்ணத்திலிருந்து விடுபட முடியவில்லை. கேளுங்கள் என்று கட்டளையிட்டவர் ஒருவர். அக்கட்டளைக்கும் கீழ்ப்படிந்து தலையசைத்துவிட்டு, கேட்காமலிருந்தவர்கள் நாங்கள். சிந்திக்குமாறு இடப்படும் கட்டளை கட்டளையாகவே கேட்கப்படுகின்றது. அது கட்டளையிட்டவரைத் தவிர மற்றெல்லாவற்றையும் பற்றிச் சிந்திக்கவே அனுமதி என்று கேட்பவர் பொருள்கொள்கின்றனர்.

ட்ரையனுக்குப் பின் அக்கடற்படைக்கு நேர்ந்ததை நீட்டி எழுத விரும்பவில்லை. விக்ரோறியா மூழ்கியபோது காய்ச்சலோடு படுத்திருந்து உயிர்தப்பிய ஜோன் ஜெலிக்கோ, 1916 மே 31இல் ஜட்லண்ட் கடற்போரிலே பிரித்தானியப் பெருங்கடற்படையை நடத்தினார். அவருடைய போர்க்கட்டளைகள் விரிவானவை. அணியின் ஒழுங்கையும் மையக் கட்டுப்பாட்டையும் முதன்மைப்படுத்தியவை. அன்று பிற்பகல் பீற்றியின் படை பகைவரை நோக்கித் திரும்பியபோது, எவன் தோமஸின் கீழிருந்த நான்கு வலிய போர்க்கப்பல்கள் சமிக்ஞை தெளிவாகக் கிட்டாமையால் பழைய திசையிலேயே சில நிமிடங்கள் சென்றன. இடைவெளி ஏறத்தாழ 10 மைலாயிற்று. தலைவரின் கப்பல் திரும்புவது கண்ணுக்குத் தெரிந்திருந்தும் கொடிக்காகக் காத்திருந்தார் என்பர் ஒருசாரார். சமிக்ஞையைச் சரியாக அனுப்பாத பீற்றியின் பிழை என்பர் மறுசாரார். ஆன்ட்ரூ கோர்டன் 1996இல் வெளியிட்ட நூலிலே இதன் வேரை ட்ரையனின் காலம்வரை கொண்டுசென்று ஆராய்ந்துள்ளார். அவர் கூற்று முழுவதையும் ஏற்க எனக்குத் துணிவில்லை. ஆனால் புகையிலே கொடி தெரியாது என்று ட்ரையன் அஞ்சியது புகையிலேயே நடந்தது.

இந்த அளவில் ஒப்படையை முடித்திருந்தால் அது இரங்கற்பாவாக இருந்திருக்கும். தலைப்போ வளர்ப்பது எங்ஙனம் என்று கேட்கின்றது. அதே கடற்படையிலே, ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், வேறொரு வகையில் அது வளர்க்கப்பட்டது என்பதைத் தேடிக் கண்டபோது மனம் தேறிற்று.

1942இன் தொடக்கத்தில் அத்திலாந்திக் கடலிலே யேர்மனிய நீர்மூழ்கிகள் பிரித்தானியாவுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவந்த வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காவற்கப்பல்களுக்கு எதிர்த்தாக்கும் முறை தெரியவில்லை. ஒவ்வொரு தலைவரும் தத்தமக்குத் தோன்றியதைச் செய்தார். அந்நிலையிலே காசநோயினால் சேவையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஓர் அதிகாரி, கில்பேட் றொபேட்ஸ், மீண்டும் அழைக்கப்பட்டு லிவர்பூலிலே ஒரு சிறு பிரிவை அமைக்குமாறு பணிக்கப்பட்டார். அவருக்குக் கிடைத்தவை ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் சில அறைகள், சோக்குக்கட்டி, சிறு மாதிரிக் கப்பல்கள், கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த சில இளம்பெண்கள். அப்பெண்களிற் பலர் என் வயதினர். சிலர் என்னிலும் இளையர். கடலிலே போர் செய்தவர் எவருமில்லை. கணிதம் தெரிந்தவர் சிலர் இருந்தனர்.

தரையைக் கட்டங்களாக வகுத்துக் கடலாக்கினர். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் துணித்திரைக்குப் பின்னே நிறுத்தப்பட்டனர். சிறு துவாரத்தின் வழியே, இரவிலே கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அவர்களுக்குக் காட்டப்பட்டது. நீர்மூழ்கியின் பாதை பச்சை நிறச் சோக்கினாற் கீறப்பட்டது. திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பவருக்கு அந்நிறம் தரையோடு கலந்து தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு நகர்வு. ஆட்டம் முடிந்ததும் திரை விலக்கப்படும். தம் கப்பல் எங்கே சென்றது, நீர்மூழ்கி எங்கே சிரித்துக்கொண்டு சென்றது என்பதை அதிகாரி தம் கண்ணாலே காண்பார்.

முந்திய மோதல்களின் அறிக்கைகளை வைத்துக்கொண்டு இத்தரையிலே ஆடிப் பார்த்தபோதுதான், நீர்மூழ்கிகள் தொலைவில் நின்று சுடவில்லை, இரவிலே நீர்மேல் மிதந்தபடி பின்புறமாகக் கப்பல் நிரைகளின் உள்ளேயே புகுந்து சுடுகின்றன என்ற முடிவுக்கு றொபேட்ஸ் வந்தார். காவற்கப்பல்களோ அதுவரை வெளியே தேடி அலைந்தன. இதற்கெதிராக வகுக்கப்பட்ட முறைக்கு ஜீன் லெய்ட்லோ என்ற இளம்பெண், ஹிற்லரை ஏளனம் செய்யும் ஒலியின் பெயராகிய 'ராஸ்பெரி' என்பதைச் சூட்டினார். கடற்படையின் ஆவணங்களிலே அப்பெயரே நிலைத்தது. முதலிலே இவ்விளையாட்டை ஐயத்தோடு நோக்கிய அட்மிரல் நோபிள், நேரிலே பார்த்தபின் அதனை ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த அட்மிரல் மக்ஸ் ஹோர்ட்டன் முதலாம் உலகப் போரிலே நீர்மூழ்கி செலுத்திப் புகழ்பெற்றவர். அவர் நீர்மூழ்கியின் பக்கமாக நின்று ஆடி ஐந்துமுறையும் தோற்றார் என்றும், எதிரே ஆடியவர் ஜனெற் ஒக்கல் என்ற இருபது வயதளவான பெண் என்பதைப் பின்னரே அறிந்தார் என்றும் கூறப்படுகின்றது.

1943 மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிகளை யேர்மனி இழந்தது. அதற்கு றேடாரும் விமானங்களும் மறைமொழியை உடைத்தவர்களும் காரணமாதலால், வெற்றியை லிவர்பூலின் சோக்குக்கட்டிக்கு மட்டும் உரியதாக்குவது தவறு. என் கருத்து அதுவன்று. கம்பர்டவுணின் மேற்தளத்திலே மார்க்கம் தம் தலைவருக்குப் பிழை சொல்லவேண்டியிருந்தது. கடற்படை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நிமிடத்துக்குள் சொல்லவேண்டியிருந்தது. லிவர்பூலிலே எவரும் எவருக்கும் பிழை சொல்லவேண்டியிருக்கவில்லை. தரையிலே கீறிய கோடு சொல்லிற்று. அட்மிரல் தோற்றாலும் ஒருவரும் இறப்பதில்லை. தோற்கடித்த பெண்ணுக்குத் தண்டனையுமில்லை. உயர்ந்தவர் முதலிலே தோற்றுக்காட்டும் இடமொன்றை அமைத்தால், தாழ்ந்தவரின் நாவு தானே அவிழும். ட்ரையன் தம் அதிகாரிகளுக்கு எத்தனையோ புதிர்கள் போட்டார்; அவற்றுள் ஒன்றிலாவது தாம் தோற்கும்படி ஆடினாரா என்று தேடினேன். அகப்படவில்லை.

நன்றாகச் சிந்திக்கும் படை நன்றாகக் கொல்லும் என்பதும் உண்மை. அதனை வளர்ப்பதைப் பற்றி எழுத நானா வேண்டும் என்று என்னுள்ளே ஒரு குரல் ஒப்படை முடியும்வரை கேட்டுக்கொண்டேயிருந்தது. அக்குரலுக்கு முழுமையான விடை என்னிடமில்லை. மேலிருந்து வரும் கட்டளையைக் கண்டு 'இது சரிதானா?' என்று கேட்கப் பழகியவன், அக்கட்டளை எளியோரை நோக்கியதாக இருக்கும்போதும் ஒருவேளை கேட்கக்கூடும். கேட்கவே பழகாதவனிடம் அந்த ஒருவேளையும் இல்லை. இதனை ஒப்படையின் அடிக்குறிப்பாகச் சேர்த்துப் பின் நீக்கிவிட்டேன். இங்கே எழுதுகின்றேன்.

ஒப்படையைக் கையளிக்கச் சென்ற அன்று முதலாம் ஆண்டுக் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துச் சென்றேன். ஒப்படையைத் தந்தவரும் அதே விரிவுரையாளரே. அறை வாயிலிலே ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன, எதற்காக நிற்கிறீர்?" என்றார். அவ்வார்த்தையைக் கேட்டதும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. புத்தகத்தை விரித்து மேசையிலே வைத்து, "சேர், இந்த ஆண்டு பிழை. நீங்கள் சொன்னபோதே தெரியும். தேர்விலும் இப்படியே எழுதினேன்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். "இதை நானா சொன்னேன்?" என்றார். பிறகு மெதுவாக, "அந்தத் தேர்வில் ஏறத்தாழ எல்லோருமே 1838 என்றுதான் எழுதியிருந்தீர்கள். ஒரே குப்பியில் படித்துவிட்டு வந்து ஒரே பிழையை எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணி எல்லோருக்கும் புள்ளியைக் குறைத்தேன். இரண்டு பேர்தான் சரியாக எழுதியிருந்தார்கள்" என்றார். அந்த இருவரும் யார் என்பது எனக்குத் தெரியும். அன்றைய வகுப்புக்கு அவர்கள் வரவில்லை. அதனையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?" என்று கேட்டார். "உயர்தரத்தில் வரலாறு படித்த எல்லோருக்கும், சேர்" என்றேன். புத்தகத்தை வைத்துவிட்டுப் போகுமாறு கூறினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதலாம் ஆண்டு வகுப்பின் பின்வரிசையிலே போய் அமர்ந்தேன். அன்று அவர் 'கேள்வி உண்டா?' என்று தொடங்கவில்லை. சென்ற ஆண்டு இதே பாடத்திலே தாம் கூறிய ஆண்டு பிழையென்றும், அதனை ஒரு மாணவி வந்து சொல்லும்வரை தாம் அறியவில்லையென்றும், பிழையைத் தாம் செய்துவிட்டு மாணவரின் புள்ளியைக் குறைத்ததாகவும் கூறினார். வகுப்பிலே ஓர் ஓசையுமில்லை. எனக்கு முன்னாலிருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டு, அவர் சொன்னவற்றை ஒரு சொல்லும் விடாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.